மாவு மிஸ், உஷ் மிஸ்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நூலகத்துக்குள் ஒரு தொட்டி மணல் வந்தது. எழுதிப் பார்த்தாலாவது நம்ப முடிகிறதா என்று எழுதிப் பார்க்கிறேன். இல்லை, முடியவில்லை.

மழலையர் பள்ளிதானே, வேறென்ன எதிர்பார்த்தாய்? புத்தகத்தை எதிர்பார்த்தேன். கதவில் 'நூலகம்' என்று எழுதி, பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட முயல் ஒன்றையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த முயலுக்கு இருக்கும் படிப்பு ஆசைகூட இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

மணலைத் தூக்கி வந்தவள் என் அக்கா மகள். போன மாதம்தான் இங்கே சேர்ந்தாள். பதவியின் பெயர் செயல்வழிக் கற்றல் ஆசிரியை. அதாவது, நான் கதை வாசித்து முடித்ததும் அதே அறையில் அதே பிள்ளைகளுக்கு மாவு, களிமண், மணல், தண்ணீர் என்று வகைவகையாக அழுக்காவது எப்படி என்று சொல்லித் தருகிறவள். தங்கியிருப்பது என் வீட்டில். வீட்டிலும் பாதி இடம் போயிற்று, வேலையிலும் பாதி இடம் போயிற்று.

"மணல்ல விரலால எழுதிப் பழகுவாங்க சித்தி. பென்சிலுக்கு முன்னாடி கை தயாராகணும்" என்றாள்.

பள்ளியில் சித்தி என்று கூப்பிடாதே என்று எத்தனை தரம் சொல்வது.

பிப்ரவரி 5, புதன்

வாசிப்பு நேரம். விரலை வாயில் வைக்கச் சொன்னால் எல்லாரும் வைக்கிறார்கள், அந்த மட்டும் பழக்கிவிட்டேன். "உஷ்" என்று நான் என் உதட்டில் விரல் வைத்தால் போதும், அத்தனை விரல்களும் அத்தனை உதடுகளுக்குப் போய்விடும். அப்புறம் நான் பக்கம் திருப்பும் சத்தம் மட்டும்தான் கேட்கும். நூலகம் என்றால் அதுதான்.

ஆனாலும் இவர்களைப் படிக்க வந்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவன் புத்தகத்தின் மூலையைக் கடிக்கிறான். நான் அவனுக்குக் கடியன் என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாள். பூனை ஏன் கூடைக்குள்ள போச்சு, கூடை ஏன் அங்க இருந்துச்சு, நீங்க ஏன் மிஸ் கத்துறீங்க. அவள் ஏனம்மா. மற்றவர்களுக்கு மூக்கு ஒழுகுவதைத் தவிர அடையாளம் எதுவும் இல்லை.

கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். பேராசிரியர்கள் என் மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்துவார்கள். கல்லூரியை மூடினார்கள், நான் இங்கே வந்து விழுந்தேன். யானை இளைத்தால் எலிகூட ஏறி மிதிக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மணல் மூன்றாம் அலமாரி வரை வந்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

கிழிந்த புத்தகம் ஏதாவது இருந்தால் வேண்டும் என்றாள் அக்கா மகள். ஒட்டி வைக்கப் போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். கத்தரிக்கோலை எடுத்து, புத்தகத்தின் முதுகை ஒட்டி வெட்டித் தாள் தாளாக்கிவிட்டாள். என் கண்முன்னால். கோழியை அறுப்பதைப் பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.

பிறகு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினாள். துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொடுத்து, கலைந்து கிடந்த பக்கங்களைக் கதை வரும் வரிசையில் மாட்டச் சொன்னாள். அவ்வளவுதான், சந்தைக்கடை. மழையில் நனைந்த பூனைக்குட்டிக் கதை அது. ஏனம்மா ஒரு பக்கத்தைப் பிடுங்கி, "இதுல குட்டி நனைஞ்சிருக்கு. அப்ப மழை இதுக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றாள். கடியன் விடவில்லை. "இல்ல. அது குளிச்சிருக்கு."

"பூனை குளிக்காது."

"எங்க வீட்டுப் பூனை குளிக்கும்."

"உங்க வீட்ல பூனையே இல்ல."

இதற்குப் பெயர் படிப்பாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன். கடியன் முழு நேரமும் ஒரு பக்கத்தைக் கையில் வைத்திருந்தான், கடிக்கவில்லை. பசி இல்லை போலிருக்கிறது.

போகும்போது ஒரு பொடியன் அவளிடம், "மாவு மிஸ், நாளைக்கும் கயிறு கட்டுவீங்களா" என்று கேட்டான். அப்புறம் என்னைக் காட்டி, "உஷ் மிஸ் திட்டுவாங்களா" என்றான். எனக்குப் பட்டப்பெயர் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணினார். நலம் விசாரிக்கிற ஆள் இல்லை அவர், எச்சரிக்கத்தான் கூப்பிடுவார். "வேலை இருக்கிற வரைக்கும் அங்க இருக்கட்டும். வேலை போச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். ரெண்டு இடம் பாத்து வெச்சிருக்கேன்." மாப்பிள்ளை பார்க்கிறாரா, மனை வாங்குகிறாரா, பேச்சிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "அங்க போனா நான் அவ்ளோதான் சித்தி" என்றாள். அழவில்லை. கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே சொன்னாள். நான், "போய் முதல்ல கைய கழுவு" என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

தலைமையாசிரியை ஆமாஞ்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆமாஞ்சாமி நான் வைத்த பெயர். பள்ளியின் முதலாளி எதைச் சொன்னாலும் "ஆமா சார்" என்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். "சார் கேக்குறாரு, லைப்ரரிக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு. வந்து பாக்கப் போறாராம்."

தாளாளர் என்று சொல்ல வேண்டுமாம் அவரை. மரியாதைக்குரிய சொல் அது. அதைப் போய் அவருக்கு வீணாக்குவானேன்.

மார்ச் 3, திங்கள்

முதலாளி வந்தார். பிள்ளைகளை அக்கா மகள் தோட்டத்துக்கு இலை பொறுக்கக் கூட்டிப் போயிருந்தாள். மேசையில் பாதி பிசைந்த மாவு கிடந்தது. அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பெரிய வேலைங்களா மேடம்? நீங்க அனுபவசாலி, சொல்லுங்க" என்றார்.

அனுபவசாலி என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை முதல்முதலாகக் கேட்கிறேன். நாக்கு சும்மா இருக்குமா?

"மாவு பிசையறதுக்கு எதுக்கு சார் படிப்பு? யார் வேணாலும் பண்ணலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கு இன்னும் இரண்டு சொல்லத் தோன்றியது. அதற்குள் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நீங்களே பண்ணிடலாமே. எதுக்கு ரெண்டு பேரு?" என்றார்.

"ஆமா சார்" என்றாள் ஆமாஞ்சாமி.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? எனக்கு வராது என்றா? மாவு பிசைய வராது என்று அந்த ஆளிடம் சொல்வதா நான்?

வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

சொல்லிவிட்டார்கள் அவளிடம். இந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளலாமாம். யார் சொல்லி என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சாயங்காலம் நடந்து வரும்போது, "பரவால்ல சித்தி, உங்க வேலை தப்பிச்சுதே" என்றாள்.

என்ன பிறவி இது. இரண்டு வார்த்தை திட்டிக்கூடத் தொலைய மாட்டாளா.

மார்ச் 6, வியாழன்

முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனது இதுதான் முதல் முறை. காத்திருக்க வைத்தார், அதையும் பொறுத்தேன்.

"அந்தப் பொண்ணு பண்றது சாதாரண வேலை இல்லைங்க. பிள்ளைங்க பக்கத்தை வெச்சுக்கிட்டு யோசிக்குதுங்க, சண்டை போடுதுங்க. நான் வாசிச்சா அப்படி நடக்கறதில்ல" என்றேன். இதைச் சொல்ல எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த மனிதருக்குப் புரியுமா?

அவர் தலையாட்டினார், பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி. "உங்க அக்கா பொண்ணு இல்லையா? சொந்தம்னு வந்தா அப்படித்தான் தோணும். அன்னைக்கு நீங்க மனசுல பட்டதைச் சொன்னீங்க பாருங்க, அதுதான் சரி."

நான் இகழ்ந்தால் அனுபவம். மெச்சினால் பாசம். இந்த மூளையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள்.

வாசல் வரைக்கும் வந்தபிறகு கூப்பிட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் வர்றாங்க மேடம். கயிறு, மாவு எல்லாம் நீங்களே பண்ணிக் காட்டுங்க. நல்லா வந்தா அப்படியே தொடர்ந்துக்கலாம்."

மார்ச் 8, சனி

அக்கா வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறு வருகிறாராம். இவள் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் காலில் இடிக்கிறது.

"சித்தி, மாவு எப்படின்னு ஒரு தடவ காட்டட்டுமா? தண்ணி கொஞ்சம் பாத்து—"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியாதா என்ன. மைதா, உப்பு, எண்ணெய், தண்ணீர். இதில் என்ன வித்தை இருக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

மாவு கைக்கு வரவில்லை. நாளை வரும்.

மார்ச் 12, புதன்

வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று கொஞ்சம் திரண்டது. இன்னும் மாவு சேர்த்தால் சரியாகிவிடும். நாளை விடிகாலையில் எழுந்து புதிதாகப் பிசைய வேண்டும்.

கயிற்று வேலையையும் பார்த்து முடித்தேன். பூனைக்குட்டிப் புத்தகத்தின் இன்னொரு பழைய பிரதியை எடுத்துப் பிரித்தேன். நானே பிரித்தேன், வெட்டவில்லை, தையலை நூல் நூலாக எடுத்தேன். இவள் பண்ணியதைவிட நூறு மடங்கு சுத்தம். ஆனால் பிரித்து வைத்தபின் மனசு ஒப்பவில்லை. தாள்கள் அனாதையாகக் கிடந்தன. யாராவது பிள்ளை ஒரு பக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனால்? முத்திரை இல்லாத தாள் ஒன்று என் நூலகத்தில் இருந்ததே கிடையாது. பள்ளி முடிந்து எல்லாரும் போனபின், மைப்பெட்டியில் புது மை ஊற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரையை நடுவில் பளிச்சென்று குத்தினேன். அடுக்கிக் கட்டி வைத்தேன். இப்போதுதான் அது நூலகப் பொருள்.

நாளைக்குப் பார்க்கட்டும் எல்லாரும். முதலாளியும், ஆமாஞ்சாமியும், இவளும்தான். வேலை என்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்று.

மார்ச் 14, வெள்ளி

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

பெற்றோர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பெற்ற பிள்ளையைக் கண்ணால் பார்க்கத் தெரியாத கூட்டம். முதலாளி வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக நடுவில் நின்றார். இவளும் வந்திருந்தாள், பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள. பின்னால் கதவோரம் நின்றாள்.

பக்கங்களைக் கொடுத்தேன். மாட்டச் சொன்னேன். யாரும் மாட்டவில்லை. பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மிஸ், பூனை எங்க?" என்றாள் ஏனம்மா.

"இருக்கு. நல்லா பாரு."

"மூஞ்சி இல்ல."

வாங்கிப் பார்த்தேன். பூனைக்குட்டி எல்லாப் பக்கத்திலும் நடுவில்தான் இருக்கிறது. முத்திரையும் எல்லாப் பக்கத்திலும் நடுவில்தான் இருக்கிறது. பூனை நனைந்ததா, தூங்குகிறதா, பயந்ததா, ஒன்றும் தெரியவில்லை. வால் மட்டும் ஊதா வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கடியன்தான் தீர்ப்புச் சொன்னான். "இது பூனைக் கதை இல்ல. வட்டம் கதை. ஒரு வட்டம் இருந்துச்சு. அது எல்லா எடத்துக்கும் போச்சு. அதுக்கு வால் முளைச்சுச்சு." எல்லாப் பிள்ளைகளும் அதை ஒப்புக்கொண்டு, வட்டத்துக்கு வால் முளைத்தது மழைக்கு முன்பா பின்பா என்று கத்த ஆரம்பித்தார்கள். சுவரோரம் யாரோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு நிதானம் போயிற்று. என்னை அறியாமல் உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றேன்.

வைத்தார்கள். எல்லாரும் வைத்தார்கள், பழக்கின மாதிரியே. அப்போதுதான் விரல்களைப் பார்த்தேன். படப்புத்தகத் தாள் வழவழப்பானது, அதில் மை லேசில் காயாது. எனக்கு இது தெரியாதா? தெரியும். எப்போதும் இடையில் மை ஒற்றும் தாள் வைத்துத்தான் அடுக்குவேன். நேற்று மாவு நினைப்பில் வைக்கவில்லை. இப்போது என் முன்னால் ஊதா உதடுகளோடு ஒரு வகுப்பே மௌனமாக உட்கார்ந்திருந்தது.

ஒரு அப்பா, "என்னங்க, வாயெல்லாம் மை" என்றார். அம்மாக்கள் உள்ளே பாய்ந்தார்கள். கவனத்தைத் திருப்பலாம் என்று நான் மாவைத் திறந்தேன். அது மாவாக இல்லை. விடிகாலையில் திரண்டு உருண்டையாக இருந்தது, சத்தியமாக இருந்தது, மூடி வைத்ததில் இளகிப் பசையாகிவிட்டது. பிள்ளைகள் அதில் கை விட்டார்கள். மேசை ஊதா, தரை ஊதா, அம்மாக்களின் உடுப்பு ஊதா. முதலாளி, "எல்லாரும் அமைதியா இருங்க" என்று முன்னால் வந்தார். கடியன் பயந்துபோய் கண்ணில் பட்ட காலைக் கட்டிக்கொண்டான். அது அவருடைய கால். உதறினார். உதறினால் கடியன் என்ன செய்வான்? கடித்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவள்தான் வந்தாள். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, "யாரு கையில இருந்து முதல்ல ஊதா தண்ணிக்குப் போகுதுன்னு பாப்போமா" என்றாள். ஒவ்வொரு கையாக உள்ளே போயிற்று. தண்ணீர் நிறம் மாறுவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பெற்றோர்களும் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். சத்தம் அடங்கிவிட்டது. யாரும் உஷ் சொல்லவில்லை.

நான் மாவுக் கையோடு என் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மார்ச் 15, சனி

ஆமாஞ்சாமி போன் பண்ணினாள். பெற்றோர்கள் முதலாளியைப் பிடித்து உலுக்கிவிட்டார்களாம். இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே ஆளா, அதுவும் தெரியாத ஆளா, அந்தப் பொண்ணு எங்கே போனது என்று. முதலாளிக்கு என் பேச்சும் தெரியாது, படிப்பும் தெரியாது, பெற்றோரைத்தான் தெரியும். அக்கா மகள் திங்களிலிருந்து வரலாம். இனி அந்த அறை அவள் பொறுப்பு. நான் அவள் சொல்கிறபடி 'உதவியாக' இருக்கலாமாம்.

"சார் சொன்னது சரிதானே மேடம்" என்றாள்.

"ஆமா" என்றேன். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றால் அந்தப் புத்தி வரும்போலிருக்கிறது.

அக்கா வீட்டுக்காரரிடம் வர வேண்டாம் என்று நானே சொன்னேன். இரண்டு இடத்தையும் அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று தட்டுகளைக் கழுவினேன். மணலைச் சலித்தேன். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இவள் மறுமுனையைக் கட்டும்வரை. எனக்கு உத்தரவு போட இவளுக்கு வாய் வரவில்லை. "முடிஞ்சா", "உங்களுக்கு சிரமமில்லன்னா" என்று இழுக்கிறாள். உத்தரவு போடத் தெரியாதவளிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபின் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சித்தி. நீங்க வேணும்னேதான் சொதப்பினீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஈர மையோட தாளை அடுக்குற ஆளா நீங்க? உங்களுக்குப் போய் மாவு பிசைய வராதா? எனக்காகத்தானே, அத்தனை பேர் முன்னாடி உங்க பேரையே கெடுத்துக்கிட்டு..." பெட்டியை இறக்கின அன்றுகூட அழாதவள், இப்போது அழுதாள்.

வேண்டுமென்றே சொதப்பலாம் என்று ஒரு வழி இருந்ததா? எனக்குத் தோன்றவே இல்லையே. தோன்றியிருந்தால் செய்திருப்பேனா? மூன்று நாள் மாவோடு மல்லுக்கட்டினேன். விடிகாலையில் எழுந்தேன். இவளைவிட நன்றாகச் செய்து காட்டிவிட வேண்டும் என்று, மனதார, என் கைக்குத் தெரிந்த அத்தனையையும் போட்டுப் பிசைந்த மாவு அது.

"சரி சரி, சாப்பிடு" என்றேன். "ஆறிடப் போகுது."